சுவருக்கு அப்பால் தெரிந்தால்

2024 மார்ச் 17 அன்று ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ விளையாட்டின் வட அமெரிக்க இறுதிச் சுற்று இணையம் வழியாக நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது ஆட்டம். ஜென்பர்ட்டன் என்ற பெயரில் ஆடும் முன்னணி வீரர் ஒருவரின் திரையில் சட்டென்று ஏதோ மாறியது. சுவருக்குப் பின்னாலும் பாறைக்குப் பின்னாலும் மறைந்திருந்த எதிராளிகள் எல்லோரும் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். யாரோ ஒரு ஹேக்கர் போட்டியின் நடுவிலேயே அவருடைய ஆட்டத்துக்குள் புகுந்து, அவர் கேட்காமலே அந்தப் பார்வையைக் கொடுத்துவிட்டிருந்தான். தன்னை யாரோ ஹேக் செய்கிறார்கள், எல்லோரும் தெரிகிறார்கள் என்று அவர் கூட்டாளிகளிடம் பதறிச் சொன்னது நேரலையில் பதிவாகியிருக்கிறது. சொன்ன கையோடு ஆட்டத்தை விட்டே வெளியேறினார். மூவர் அணியில் மற்ற இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

அடுத்த ஆட்டத்தில் இம்பீரியல்ஹால் என்ற இன்னொரு பெரிய வீரருக்கு ‘எய்ம்பாட்’ வந்து சேர்ந்தது. துப்பாக்கிக் குறியைத் தானாகவே எதிராளியின் மேல் கொண்டுபோய் நிறுத்தும் மென்பொருள் அது. அவரும் மறைக்கவில்லை, உரக்கச் சொன்னார். அமைப்பாளர்கள் போட்டியை நிறுத்தி, இறுதிச் சுற்றையே தள்ளிவைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க இதைப் பாதுகாப்பு ஓட்டையின் கதையாகத்தான் எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். எனக்கு அந்த முதல் வீரர் வெளியேறிய சில நொடிகள்தான் பெரிதாகப் படுகின்றன. பரிசுப் பணமும் தகுதிப் புள்ளிகளும் தொங்கிக்கொண்டிருந்த ஆட்டம் அது. ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் நேரலையில் மறைத்திருக்க முடியாது என்று சிலர் சொல்லலாம். ஆனால் அவர் கணக்குப் போட்டுப் பார்த்ததற்கு அந்தப் பதிவில் அடையாளமே இல்லை. தெரியக் கூடாதது தெரிந்தது, எழுந்துவிட்டார். கணினி விளையாட்டில் நேர்மை என்றால் என்ன என்பதைப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. உழைக்காமல் ஒரு சாதகம் கைக்கு வந்து சேர்ந்தால் என்ன செய்வது? மற்ற எல்லாக் கேள்விகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில், சுவருக்கு அப்பால் தெரிவது எப்படிச் சாத்தியமாகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இணைய ஆட்டம் ஒன்றில் உண்மையான களம் நடுவே ஒரு சர்வரில் இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், எத்தனை குண்டு மிச்சம் என்பதையெல்லாம் அது கணக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் கணினிக்கும் நொடிக்குப் பல முறை அனுப்புகிறது. எதிராளி சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வரும் அந்தக் கணத்தில் தாமதமில்லாமல் படம் வரைய வேண்டும் என்பதால், அவர் மறைந்திருக்கும்போதே அவருடைய இருப்பிடத்தைப் பல விளையாட்டுகள் உங்கள் கணினிக்கு அனுப்பிவிடுகின்றன. திரை மட்டும் அதைக் காட்டுவதில்லை. சீட்டாட்டத்தில் நால்வரின் சீட்டுகளையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, உங்களுடையதை மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது. ‘வால்ஹேக்’ என்பது புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உங்கள் கணினிக்குள் வந்து கிடப்பதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதைத் தடுக்க நிறுவனங்கள் பல வழிகளில் முயன்றிருக்கின்றன. 2020-இல் வெளிவந்த ‘வாலரன்ட்’ விளையாட்டில், எதிராளி கண்ணில் படும் வாய்ப்பு நெருங்கும்வரை அவர் இருப்பிடத்தை அனுப்பாமலே வைத்திருக்கும் முறையை ரயட் நிறுவனம் கொண்டுவந்தது. கூடவே, கணினி தொடங்கும்போதே விழித்துக்கொண்டு இயங்குதளத்தின் அடியாழத்தில் உட்கார்ந்து கண்காணிக்கும் ‘வேன்கார்ட்’ என்ற காவல் மென்பொருளையும் வைத்தது. ஒரு விளையாட்டுக்காக நம் கணினியின் அத்தனை அறைகளின் சாவியையும் கொடுப்பதா என்று அன்று எழுந்த கேள்வி நியாயமானது. இன்றைக்கும் அது தீரவில்லை. ‘டோட்டா 2’ விளையாட்டில் வால்வ் நிறுவனம் வேறு விதமாக யோசித்தது. ஆட்டத்தின் நினைவகத்தில், சாதாரணமாக ஆடுகிறவர்களின் கணினி ஒருபோதும் படிக்காத ஒரு மூலையில் கொஞ்சம் தரவை வைத்துவிட்டுக் காத்திருந்தது. ஏமாற்று மென்பொருள் மட்டுமே அந்த மூலையைத் துழாவும். துழாவியவர்கள் எல்லோரும் அகப்பட்டார்கள். 2023 பிப்ரவரியில் 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் ஒரே வீச்சில் தடை செய்யப்பட்டன.

பொறி வைத்துப் பிடிப்பது தேவைதான். நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கு அதன் தேவை 2018 அக்டோபரில் வலிக்க வலிக்கப் புரிந்தது. ஷாங்காயில் நடந்த ஆசியப் போட்டி ஒன்றில் ‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்’ ஆட ஆப்டிக் இந்தியா அணி போயிருந்தது. வெளிநாட்டு அமைப்பொன்று நம்மவர்களை நம்பிப் பணம் போட்டு உருவாக்கிய அணி. வியட்நாம் அணிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே நடுவர்களுக்குச் சந்தேகம் வந்து, ஃபார்சேக்கன் என்ற பெயரில் ஆடிய வீரரின் கணினியைச் சோதிக்க வந்தார்கள். அவர் அவசர அவசரமாக எதையோ மூடவும் அழிக்கவும் முயன்றது காணொளியாக உலகம் முழுக்கச் சுற்றியது. எய்ம்பாட்டுக்கு அவர் வைத்திருந்த கோப்புப் பெயர் ‘வேர்ட்.எக்ஸி’. அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, கையோடு கலைக்கவும்பட்டது. அவருக்கு ஐந்து ஆண்டு தடை விழுந்தது. கூட ஆடிய நால்வரும் எந்தத் தப்பும் செய்யாமல் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு பல நாள்களுக்கு, இந்தியக் கொடி போட்ட எந்தக் கணக்கு ஆட்டத்துக்குள் வந்தாலும் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லிச் சீண்டுவது வழக்கமாகிவிட்டது. ஒருவனின் போங்காட்டத்துக்கு, அவனை முகம் பார்த்தேயிராத பள்ளிப் பையன்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏமாற்று என்பது ஏமாற்றுகிறவனோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று நமக்கு வேண்டாம்.

ஆனால் தேடிப் போய் மென்பொருள் வாங்கிக் கணினிக்குள் வைக்கிறவன் விஷயத்தில் நமக்குக் குழப்பம் ஏதுமில்லை. தவறு, தண்டனை, முடிந்தது. குழப்பம் தொடங்குவது, சாதகம் தானாக வந்து மடியில் விழும்போது. 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ உலகப் போட்டியின் காலிறுதி. பார்வையாளர்களுக்கென்று கட்டியிருந்த ராட்சதத் திரை ஆட்டக்காரர்கள் இருக்கையிலிருந்து தலையைத் திருப்பினாலே தெரிந்தது. அதில் இரு அணிகளின் நடமாட்டமும் அப்பட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. கொரியாவின் அசூபு ஃப்ராஸ்ட் அணி வீரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அணிக்கு 30,000 டாலர் அபராதம். ஆட்டத்தின் முடிவு மாற்றப்படவில்லை. திரையை அப்படி வைத்தது யார் தவறு என்று அன்று பலர் கேட்டார்கள். அமைப்பாளர்களின் தவறுதான், அதில் சந்தேகமே வேண்டாம்.  ஆனாலும் கதவு திறந்து கிடந்தது என்பது உள்ளே போனவனுக்குச் சமாதானமாகாது.

இதே கேள்வி மிகப் பெரிய அளவில், மிக நீண்ட காலம், யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஐவர் அணியோடு ஒரு பயிற்சியாளரும் சர்வருக்குள் நுழையலாம். அவரால் சுட முடியாது, நகர முடியாது. தன் அணி வீரர்கள் பார்ப்பதை மட்டும் அவர்கள் கண்வழியே பார்க்கலாம். இதில் ஒரு பிழை இருந்தது. சில சமயம், பயிற்சியாளரின் கேமரா தன் வீரரைப் பின்தொடராமல் களத்தின் ஏதோ ஒரு புள்ளியில் நிலைகுத்தி நின்றுவிடும். அந்தப் புள்ளி எதிரணி கூடும் இடமாகவோ கடந்து போகும் வழியாகவோ இருந்தால், அவர்கள் எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். பல நேரங்களில் இதை யாரும் வேண்டுமென்றே வரவழைக்கவில்லை. தானாக நேர்ந்தது.

மிகால் ஸ்லோவின்ஸ்கி என்ற போலந்து நாட்டு நடுவர் இதைத் தோண்டியெடுத்தார். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஒவ்வொரு ஆட்டமும் ‘டெமோ’ என்ற பதிவாகச் சேமிக்கப்படும். யாருடைய பார்வை எந்த நொடியில் எங்கே இருந்தது என்பதுகூட அதில் இருக்கும். பயிற்சியாளரின் கேமரா நிலைகுத்தி நின்ற ஆட்டங்களை அந்தப் பதிவுகளிலிருந்து சலித்தெடுக்க அவர் வழி கண்டார். 2020 ஆகஸ்ட் இறுதியில் முதலில் மூன்று பயிற்சியாளர்களுக்குத் தடை வந்தது. அதன் பிறகு இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் 2016 வரை பின்னோக்கிப் போய் ஏறத்தாழ ஒரு லட்சம் பதிவுகளைச் சலிக்கும் வேலையில் இறங்கியது. செப்டம்பர் 28 அன்று பட்டியல் வந்தபோது அதில் 37 பயிற்சியாளர்களின் பெயர்கள் இருந்தன. சில மாதங்களிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை தடை. ஐரோப்பா, பிரேசில், ரஷ்யா என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்த பெயர்கள். உலக மேடைகளில் மதிக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

இந்தப் பட்டியலில் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதன் நீளம். ஒருவர் திருடினால் அவர் திருடர். முப்பத்தேழு பேர், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே காரியத்தைச் செய்திருந்தால், அவர்களுடைய தனிக் குணத்தைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒரு பயிற்சியாளரின் இருக்கையில் உங்களை வைத்துப் பாருங்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, கேமரா சிக்கிக்கொண்டது. நிறுத்தச் சொன்னால் அணியின் வேகம் குலையும். சரி, இந்தச் சுற்று முடியட்டும் என்று விடுகிறீர்கள். அதற்குள் எதிரணியின் நடமாட்டம் கண்ணில் படுகிறது. உங்கள் வீரர்கள் தவறான பக்கம் காவல் காக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பது இப்போது எவ்வளவு கடினம்! ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால், இனி நடுவரிடம் போய்ப் பிழையைச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். முதல் சுற்றின் சோம்பல் இரண்டாம் சுற்றில் மௌனமாகிறது, மூன்றாம் சுற்றில் ரகசியமாகிறது. ஆணையமும் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. எத்தனை முறை நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்த்துத்தான் தடையின் அளவை வைத்தது. தானே முன்வந்து சொன்னவர்களுக்குக் குறைத்தது. அது சரியான முறை என்றே நினைக்கிறேன். நேர்மைக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைக்காத தண்டனை, அடுத்தவனை இன்னும் கவனமாக மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கை உருவாக்கிய வால்வ் நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. பிழையுள்ள மென்பொருளை ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டது அந்த நிறுவனம்தான்.

இங்கே ஒரு நல்ல மறுப்பு வரும். விளையாட்டை உருவாக்கியவர்கள் நினைக்காத ஒன்றைப் பயன்படுத்துவதே தவறு என்றால், கணினி விளையாட்டின் பாதி அழகு போய்விடுமே? உண்மை. 1991-இல் காப்காம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் ஓர் அடியோடு அடுத்த அடியைக் கோத்து எதிராளிக்குத் தடுக்க இடமே கொடுக்காமல் தாக்கும் ‘காம்போ’, வடிவமைத்தவர்கள் திட்டமிட்டதல்ல. சோதிக்கும்போது கண்ணில் பட்டது, செய்வது கடினம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று காம்போ இல்லாத சண்டை விளையாட்டைக் காண்பது அரிது. அந்த விளையாட்டின் பிந்தைய பதிப்பில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த அக்குமா என்ற பாத்திரத்தையோ, அளவுக்கு மீறிய வலிமை என்று போட்டிகளில் ஒதுக்கி வைத்தார்கள். ஒன்றை ஏற்றார்கள், ஒன்றை விலக்கினார்கள். இரண்டும் ஆட்டக்காரர்கள் ஊரறிய எடுத்த முடிவுகள். காம்போவை நான் செய்யலாம், நீங்களும் செய்யலாம். நான் செய்வது உங்கள் கண்ணெதிரே நடக்கிறது. இன்றைக்குத் தோற்றால் நாளைக்குக் கற்றுக்கொண்டு வந்து என்னைத் தோற்கடிக்கலாம். பயிற்சியாளரின் சிக்கிய கேமராவில் இவற்றில் எதுவுமே இல்லை. எதிரணிக்கு அது நடப்பதே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எதிராக எந்தப் பயிற்சியும் உதவாது. தந்திரத்துக்கும் கள்ளத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால் நான் இங்கேதான் போடுவேன்: எதிராளியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அதைச் செய்ய முடியுமா?

வேண்டுமென்றே தோற்பதும் இந்தக் கேள்வியில் தேறாது. கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஆட்டம் தொலைக்காட்சியில் பார்க்கும் தேசிய விளையாட்டாகவே வளர்ந்திருந்தது. 2010-இல் சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கி ஆட்டங்களை விட்டுக்கொடுத்ததற்காக 11 பேர் வாழ்நாள் தடை பெற்றார்கள். பட்டம் வென்ற, ரசிகர்கள் கொண்டாடிய சேவியர் என்ற வீரரும் அவர்களில் ஒருவர். 2016-இல் அடுத்த தலைமுறையின் மேதை என்று சொல்லப்பட்ட லைஃப் என்ற வீரர் அதே குற்றத்துக்காகக் கைதானார். நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, 7 கோடி வோன் அபராதம், வாழ்நாள் தடை. அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடும் ஐபைபவர் அணி பலவீனமான அணியொன்றிடம் வேண்டுமென்றே படுதோல்வி அடைந்தது. பந்தயமாக வைக்கப்பட்டது துப்பாக்கிகளின் வண்ண மேற்பூச்சுகள், அதாவது பணமதிப்புள்ள ‘ஸ்கின்’கள். 2015 ஜனவரியில் வால்வ் ஏழு பேரைத் தடை செய்தது. அந்த அணியில் ஐந்தாமவரான ஸ்கடூடில், தனக்கென்று வந்த ஸ்கின்களை வாங்க மறுத்திருந்தார். தடை அவரைத் தொடவில்லை. 2018-இல் பாஸ்டனில் அவர் உலகக் கோப்பைக்கு நிகரான ‘மேஜர்’ பட்டத்தை வென்றார். கூட ஆடிய மற்றவர்களுக்கு அந்த மேடையின் கதவு அப்போதும் மூடியே இருந்தது.

குற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசினால், குற்றஞ்சாட்டுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதுவும் நடத்தைதான். 2016 ஜூனில் கொரியாவில் கெகுரி என்ற பதினேழு வயதுப் பெண் ‘ஓவர்வாட்ச்’ ஆட்டத்தில் ஸார்யா என்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு நம்ப முடியாத துல்லியத்தோடு ஆடினாள். எதிரணி வீரர்கள் இது எய்ம்பாட் என்று குற்றஞ்சாட்டினார்கள். பொய்யானால் ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம் என்றும் இருவர் சொன்னார்கள். மிரட்டல்கள் வந்து குவிந்தன. விளையாட்டை உருவாக்கிய ப்ளிஸார்ட் நிறுவனம் அவள் எந்த மென்பொருளும் பயன்படுத்தவில்லை என்று உறுதிப்படுத்தியது. அதுவும் போதாமல், அவள் ஒரு படப்பிடிப்பு அரங்குக்கு வந்து, தன் கையையும் திரையையும் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க நேரலையில் ஆடிக் காட்டினாள். அதே துல்லியம், அதே வேகம். குற்றஞ்சாட்டியவர்கள் சொன்னபடி விலகினார்கள். 2018-இல் ஓவர்வாட்ச் லீக்கில் ஒப்பந்தமான முதல் பெண் அவள்தான். முடிவு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பையன் அப்படி ஆடியிருந்தால் அந்த அரங்கில் போய் உட்கார்ந்து கையைக் காட்டியிருக்க வேண்டியிருக்குமா என்று நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சந்தேகத்தைச் சொல்ல நல்ல வழியும் உண்டு. ட்ரீம் என்ற புகழ்பெற்ற யூடியூபர் 2020 அக்டோபரில் ‘மைன்கிராஃப்ட்’ ஆட்டத்தை விரைவாக முடித்த சாதனை வரிசையில் ஐந்தாம் இடம் பெற்றார். அந்த வரிசையைப் பராமரிப்பவர்கள், சம்பளமில்லாத தன்னார்வலர்கள், அவருடைய நேரலைகளை எடுத்து எண்ணினார்கள். ஆட்டத்தில் குறிப்பிட்ட பொருள் ஒன்று பண்டமாற்றில் கிடைக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. 262 முறைக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வர வேண்டும். அவருக்கு 42 முறை வந்திருந்தது. பாதிக்குப் பாதி கிடைக்க வேண்டிய இன்னொரு பொருள் 305-இல் 211 முறை கிடைத்திருந்தது. இரண்டும் சேர்ந்து தற்செயலாக நேரும் வாய்ப்பு 7.5 லட்சம் கோடியில் ஒன்று என்று கணக்கிட்டு, கணக்கை எல்லோரும் சரிபார்க்கும்படி வெளியிட்டார்கள். சாதனை நீக்கப்பட்டது. மறுத்துக்கொண்டேயிருந்த ட்ரீம் 2021 மேயில், வாய்ப்பைக் கூட்டும் ‘மாட்’ ஒன்று தன் ஆட்டத்தில் இருந்தது உண்மை, தனக்கு அது அப்போது தெரியாது என்றார். தெரியுமா தெரியாதா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். தன்னார்வலர்கள் செய்த காரியம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. திட்டவில்லை, கூட்டம் சேர்க்கவில்லை. எண்ணினார்கள், எழுதினார்கள், சரிபார்க்கக் கொடுத்தார்கள்.

மேடைப் போட்டிகளை விட்டு வீட்டுக்கு வருவோம். அங்கே எய்ம்பாட்டைவிட அதிகம் காயப்படுத்துவது வாய். முகம் தெரியாத நால்வரோடு ஓர் அணியில் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில், தோல்விக்கு ஒருவரைப் பிடித்துக் கேவலமாகத் திட்டுவது சாதாரணமாகிவிட்டது. பெண் குரல் கேட்டாலே மாறிவிடும் பேச்சைத் தாங்க முடியாமல் மைக்கை அணைத்துவிட்டு ஆடும் பெண்கள் எத்தனையோ பேர். குரல் கொடுத்து ஆட வேண்டிய விளையாட்டில் ஊமையாக ஆடுவது, ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆடுவதுதான். அப்படியானால் திட்டி அடக்குவதும் சாதகம் திருடுவதுதான். ரயட் நிறுவனம் 2012 டிசம்பரில், லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் பெயர் பெற்ற தொழில்முறை வீரர் ஒருவரை, சாதாரண ஆட்டங்களில் மற்றவர்களிடம் அவர் நடந்துகொண்ட முறைக்காகவே ஓராண்டு போட்டிகளிலிருந்து விலக்கியது. மேடையில் நன்றாக நடந்துகொண்டால் போதாது என்று அன்று சொன்னது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டும்.

இன்னொரு வழக்கம் ‘ஸ்மர்ஃபிங்’. கைதேர்ந்தவர் புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, கற்றுக்குட்டிகளோடு ஆடி அவர்களை நசுக்குவது. இதில் எந்த மென்பொருளும் இல்லை, திறமை முழுக்க உண்மை. ஆனால் எதிரே இருப்பவனுக்குத் தான் யாரோடு ஆடுகிறோம் என்பது தெரியாது. 2023 செப்டம்பரில் வால்வ் டோட்டா 2-இல் இப்படிப்பட்ட 90,000 கணக்குகளை நிரந்தரமாக மூடியது. விளையாட்டுக்குத்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க்காரர் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்காக விஸ்வநாதன் ஆனந்த் இணையத்தில் பிரபலங்கள் பலரோடு ஒரே நேரத்தில் சதுரங்கம் ஆடினார். அவர்களில் இளம் தொழிலதிபர் ஒருவர் ஆனந்தைத் தோற்கடித்தார். மறுநாள், கணினியின் உதவியும் மற்றவர்களின் உதவியும் இருந்தன என்று ஒப்புக்கொண்டார். வேடிக்கைக்கும் நல்ல காரியத்துக்கும் ஆடிய ஆட்டம் என்பது அவர் விளக்கம். பலகையில் இருந்த நிலையைப் பார்த்து ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்ற அளவில் ஆனந்த் நிறுத்திக்கொண்டார். எதிரே இருப்பவர் தன் மூளையோடு உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கைதான் ஆட்டம். அது போனால் பலகையும் காய்களும்தான் மிச்சம்.

நம் நாட்டில் இந்த விளையாட்டுகளுக்கு இப்போது ஒரு புதிய கட்டம். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை, 2021-இல் அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ, 2022-இல் அதற்கும் முடக்கம், மறு ஆண்டு மீண்டும் அனுமதி என்று அலைக்கழிந்த பிறகு, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து முறையான போட்டி விளையாட்டாக ஏற்றிருக்கிறது. கல்லூரி விழாக்களில் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், வாலரன்ட் போட்டிகள் நடக்கின்றன. பரிசுத் தொகையும் வந்துவிட்டது. பரிசு வந்த இடத்துக்கு, எதிரெதிர் அணிகள் ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு மூன்றாம் அணியை வேட்டையாடும் ‘டீமிங்’கும் வரும், அடுத்தவர் பெயரில் ஆடிக்கொடுப்பதும் வரும். நல்ல நடுவர்கள் உருவாகும் முன்பே போட்டிகள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் என் கவலை.

ஆகவே போட்டி நடத்தும் மாணவர்களிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எல்லா ஆட்டங்களையும் பதிவு செய்து, குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள். 37 பேரைக் காட்டிக்கொடுத்தது பழைய பதிவுகள்தான். புகார்களை எழுத்தில் மட்டும் வாங்குங்கள், விசாரித்து முடியும்வரை யார் பெயரையும் வெளியே விடாதீர்கள். திட்டுகிறவனுக்கு என்ன தண்டனை என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவியுங்கள். விதித்தாளில் கூடவே இந்த ஒரு விதியையும் சேருங்கள்: திரையில் தெரியக் கூடாதது எது தெரிந்தாலும் அந்தச் சுற்றிலேயே கையைத் தூக்கி நடுவரிடம் சொல்ல வேண்டும். சொன்னவருக்கும் அவர் அணிக்கும் அதனால் எந்த இழப்பும் இருக்காது, அந்தச் சுற்று மறுபடி ஆடப்படும்.